பறவை பெயர் ஒன்றும் தெரியாதவர், பறவை பார்க்கும் குழுவோடு ஒரு நாள் போய் வரலாமா? மட்டமாகப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகப் போகலாம். நான் அப்படித்தான் போனேன். காக்கை, மைனா, கொக்கு இவற்றைத் தாண்டி எனக்கு நான்கைந்து பறவைதான் தெரியும், அதுவும் மதுராந்தகம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சுற்றுலா என்றால் வேடந்தாங்கல் என்று எழுதாத விதி ஒன்று இருந்ததால், அங்கே பலகையில் பார்த்து மனசில் ஒட்டிக்கொண்டவை.

இப்போது நான் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா பல வருடமாக ஒரு பறவைக் குழுவில் இருக்கிறார். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை எட்வின் பி. ஃபார்சைத் தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குப் போகிறோம், ஒரு காரில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்றார். சரி என்றேன். அட்லாண்டிக் சிட்டிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது அந்த இடம், எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். உப்புச் சதுப்பு, கடற்கழி, நடுவே கரை கட்டி நீரைத் தேக்கிய பெரிய குளங்கள். அந்தக் கரை மேலேயே எட்டு மைல் மண்சாலை வளையமாகப் போகிறது, ஒருவழிப் பாதை. தூரத்தில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சூதாட்ட விடுதிகளின் உயரமான கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். இந்தப் பக்கம் சேறும் நாணலும் அழுகின முட்டை வாசனையும். அந்த வாசனை எனக்கு என்னவோ பிடித்திருந்தது, ஊர்ப் பக்கத்துக் கழிமுக வாசனை.

பதினான்கு பேர், ஐந்து கார், காருக்கு ஒரு வாக்கி டாக்கி. கூட்டிப்போனவர் எழுபது தாண்டிய, ஓய்வு பெற்ற ஆசிரியை. கிளம்பும்போது அவர் சொன்னது இரண்டே விஷயம்: முன்னால் போகிற காரை முந்தாதீர்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள். காருக்குள் இருக்கிற வரை பறவைகள் நம்மைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஏதோ உருளுகிற பாறை என்று நினைத்துக்கொள்ளுமோ என்னவோ, கார்தான் நமக்கு மறைவிடம். இறங்கி நின்றால்தான் பதறும். இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட நான், முதல் நிறுத்தத்திலேயே இறங்கிப் பழக்க தோஷத்தில் கதவைப் படாரென்று சாத்தினேன். சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த முப்பது நாற்பது வாத்துகள் ஒட்டுமொத்தமாக எழும்பிப் போய்விட்டன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அந்த ஆசிரியை என் பக்கத்தில் வந்து, பறக்கும்போது இறக்கையில் இருந்த பச்சைப் பட்டையைப் பார்த்தாயா, அது கிளுவை என்றார். திட்டியிருந்தால் நான் அந்தப் பறவையை மறந்திருப்பேன்.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பெயர் தெரியாதது அங்கே ஒரு பிரச்சினையே கிடையாது, காட்டிய இடத்தைப் பார்க்கத் தெரியாததுதான் பிரச்சினை. "அந்த மூன்றாவது கம்பம், அதற்கு இடப்பக்கம் சிவப்பாக ஒரு திட்டு, அதற்குப் பின்னால் தண்ணீர் விளிம்பில்" என்பார்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் தேடினால் கம்பமும் கிடைக்காது, திட்டும் கிடைக்காது, வெறும் வானம்தான் ஆடும். (அந்தச் சிவப்புத் திட்டு உப்புநிலத்துப் பூண்டு. சாறு நிறைந்த குட்டிக் குட்டித் தண்டு, கோடையெல்லாம் பச்சையாக இருந்துவிட்டு இலையுதிர் காலத்தில் குங்குமமாகச் சிவந்துவிடும். மரமே இல்லாத இடத்துக்கும் இலையுதிர் கால நிறம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள், நான் சும்மா தலையாட்டினேன். ஒரு பெரியவர் கவனித்துவிட்டார் போலிருக்கிறது, வெறும் கண்ணால் பறவையைப் பிடி, கண்ணை எடுக்காதே, அப்படியே பைனாகுலரை மேலே கொண்டுவா என்றார். அவ்வளவுதான் வித்தை. போவதற்கு முந்தின வாரம் வீட்டு ஜன்னலிலிருந்து மின்கம்பியில் உட்காருகிற புறாவைப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள், பறவை நூலைப் புரட்டுவதைவிட அது உதவும்.

அப்புறம் ஒரு குளத்தின் ஓரம் ஸ்கோப் என்கிற பெரிய தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி வரிசையாகப் பார்க்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது உள்ளே பழுப்புத் தலை, கழுத்தின் பக்கவாட்டில் மேலே ஏறுகிற வெள்ளைக் கோடு, பின்னால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற வால். அட, இது நம்ம ஊசிவால் வாத்து! தமிழிலேயே கத்திவிட்டேன். வேடந்தாங்கலுக்கு வருவதும் இதே இனம்தான், அவை யூரேசியாவின் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகின்றன, இவை வட அமெரிக்காவின் வடக்கிலிருந்து. கொஞ்சம் தள்ளி அகப்பை மூக்கோடு தட்டைவாயன், அதுவும் அதே கதை. பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள், சொன்னேன், அன்று மாலை வரை இரண்டு மூன்று பேர் "ஊசிவால்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பாவம், அந்த 'ழ' இல்லாததால் ஓரளவுக்கு வந்தது.

நவம்பரில் அங்கே போவதே பனிவாத்துகளுக்காகத்தான். கனடாவின் வடகோடியிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க இறங்கி வருகிறவை, உடம்பெல்லாம் வெள்ளை, இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. மதியம் குளத்தில் ஆயிரக்கணக்கில் சந்தை இரைச்சலோடு உட்கார்ந்திருந்தவை சட்டென்று ஒரே வீச்சில் எழுந்தன. இந்தத் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. வெண்தலைக் கழுகு ஒன்று மேலே வந்திருந்தது. பால் பொங்கி வழிகிற மாதிரி அந்த வெள்ளை மேலேறிச் சுழன்று, கழுகு போனதும் அதே இடத்தில் அடங்கியது. கேமரா வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் படமே எடுக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது பிராண்ட் என்கிற சின்னக் கறுப்பு வாத்து, கழியில் கூட்டமாக மிதந்துகொண்டு தொண்டைக்குள் உறுமுகிற ஒன்று. 1930களில் ஒரு நோய் வந்து அட்லாண்டிக் கரையோரக் கடற்புல் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோனது. அந்தப் புல்லையே நம்பியிருந்த இந்த வாத்துகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன. மிஞ்சியவை கடற்பாசியைத் தின்னப் பழகிப் பிழைத்தன. இதை அந்த ஆசிரியை வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, ஐந்து காரும் அசையாமல் நின்றன.

சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு ஓர் அதிர்ச்சி. வண்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, எங்கள் காரோட்டி பணம் கட்டாமல் தபால்தலை மாதிரி ஒரு வாத்துப் படம் போட்ட முத்திரையைக் காட்டினாரே, அது என்ன என்று கேட்டேன். 1934இல் தொடங்கிய முத்திரையாம், விலை 25 டாலர், பதினாறு வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் யாராக இருந்தாலும் வருடா வருடம் வாங்கியே ஆகவேண்டும். வருகிற பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, இந்த மாதிரி ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. புகலிடத்தின் சில பகுதிகளில் பருவத்தில் வேட்டையும் நடக்கும். புகலிடம் என்று பெயர் வைத்துவிட்டு வேட்டையா என்று எனக்கு எலுமிச்சம் சாதம் இறங்கவில்லை. வேடந்தாங்கலில் துப்பாக்கிச் சத்தமே கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே போய் உத்தரவு வாங்கி வந்தவர்கள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பெயரில் மட்டும் வேடன். இங்கே உண்மையிலேயே வேடர்கள் தாங்குகிறார்கள். இன்னும் எனக்கு இது முழுசாகச் செரிக்கவில்லை, ஆனாலும் மறுவாரம் தபால் நிலையத்தில் முத்திரை ஒன்று வாங்கிவிட்டேன்.

முடிவில் எல்லோரும் நின்று பட்டியல் படித்தார்கள், ஐம்பத்தெட்டு இனம். நான் உருப்படியாகப் பார்த்தது இருபது இருக்கும். அதில் பெரும்பாலும் எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை என்றதும் பழைய ஆட்கள் முகத்தில் தெரிந்தது அசல் பொறாமை. மட்டமாகப் பார்ப்பார்களோ என்று கேட்டிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன்.

போவதாக இருந்தால்: கோடையில் வேண்டாம், பச்சைத்தலை ஈ கடித்துக் குதறிவிடும். கடல் ஏறும் நேரமாகப் பார்த்துப் போங்கள், சேற்றுத்திட்டு மூழ்கினால் சேற்றில் இரை தேடுகிற உள்ளான் பறவைகளெல்லாம் கரைப் பக்கம் ஒதுங்கும், வற்றிய நேரத்தில் தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். குளிர் வந்துவிட்டதே என்று உண்ணியை மறக்காதீர்கள், அக்டோபர் நவம்பரிலும் அது இருக்கும், பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் காற்று எலும்புக்குள் போகும், இன்னொரு சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு மைலைக் கடக்க எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆனது. அதனால் நுழையும் இடத்தில் இருக்கிற கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள், நான் போகவில்லை.