அம்மிக்கல் ஏன் புள்ளி புள்ளியாக மினுங்குகிறது?

“அம்மியில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் மினுங்குகின்றன. எரிமலைக் கல்லோ ஒரே கறுப்பு. இரண்டுமே உருகிய குழம்பிலிருந்து வந்தவை என்கிறார்களே, எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். கித்தா (ரப்பர்) தோட்ட வேலையை விட்டபின் அப்பா குவாரியில் லோரி ஓட்டினார். அங்கிருந்து கொண்டுவந்த கல் ஒன்று வாசலில் துவைக்கிற கல்லாகக் கிடந்தது. நனைந்தால்தான் அதன் முகம் தெரியும். விரற்கடை நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவின் படிகங்கள், இடையில் மங்கிய கண்ணாடி போலக் குவார்ட்ஸ், அங்கங்கே ஏடு ஏடாக உரியும் கறுப்புக் காக்காப்பொன். அதை நகத்தால் பெயர்த்து அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

அது தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட். வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்தக் குழம்பு வெளியே வரவே இல்லை. பல கிலோமீட்டர் ஆழத்தில், சுற்றியிருந்த பாறையே போர்வையாக, லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறியது. மேலே கிடந்ததெல்லாம் மழையில் கரைந்து போனபின்தான் நம் கண்ணில் பட்டது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். கன்றுகளை நெருக்கி நட்டால் ஒன்றும் பருக்காது. தள்ளி நட்டால் ஒவ்வொன்றும் திரளும். மெதுவாக ஆறும் குழம்பில் படிகம் முளைவிடும் இடங்கள் குறைவு, வளர நேரமோ ஏராளம். சட்டென்று ஆறினால் எங்கு பார்த்தாலும் முளைத்து, எல்லாமே பொடியாக நின்றுவிடும். குவாந்தான் பக்கத்துக் கறுப்பு எரிமலைக் கல்லான பசால்ட் அந்த வகை: ஏறத்தாழ 1,100 டிகிரிக்கு மேல் கொதித்து வெளியே வழிந்து இறுகியது. அங்குள்ள செம்மண்ணும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் அது மக்கி வந்தவைதான். முளைக்கவே நேரமில்லாமல் உறைந்தால் கண்ணாடி. வாயு நுரைத்தபடியே உறைந்தால், குதிகால் தேய்க்கிறோமே, அந்த மிதக்கும் கல்.

ஆனால் படிகம் பெரிதென்றாலே மெதுவாக ஆறியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. கடைசியில் மிஞ்சும் குழம்பில் தண்ணீர்ச் சத்து கூடும். அதில் படிகங்கள் கிடுகிடுவென்று முழ நீளத்துக்கும் வளர்வதுண்டு.

இன்னொன்று. அடுப்படி மேடைக்கு ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கும் கல் பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. பசால்ட்டின் அதே குழம்பு, மேலே வராமல் பூமிக்குள்ளேயே இறுகியது. கேப்ரோ, டோலரைட் என்பார்கள். கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “பேரு எதுவா இருந்தா என்னாண்ணே, அடிக்கு அதே வெலதான்” என்றார்.