நித்திரைக் குளிசையும் கொத்தமல்லிக் குடிநீரும்

களுவாஞ்சிக்குடித் தம்பிக்கு, அம்மா டயசிபாம் குளிசையோடு இரவில் கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கோப்பை குடிக்கட்டும். ஆனால் அதை நம்பிக் குளிசையைத் திடீரென நிறுத்த விடாதீர்கள், வலிப்புக்கூட வரலாம்.

கொத்தமல்லி வாசனையின் முக்கிய பொருள் லினலூல். 2018இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், அதை முகர்ந்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனம் வந்து பற்றும் ஏற்பிகளில், டயசிபாம் பற்றும் இடத்தை ஃபுளூமசெனில் என்ற மருந்தால் அடைத்ததும் பலன் மறைந்தது. முகரும் திறன் இழந்த எலிகளிடமும் பலனில்லை. அதாவது வேலை மூக்கு வழியாகத்தான் நடக்கிறது. நம்மவர்களோ சட்டியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டு, வாசனையை அடுப்படிக்கே கொடுத்துவிடுகிறார்கள்! மூடி அவியுங்கள்.

நித்திரைக்கென்று எடுக்கும் வலேரியன் என்ற மூலிகையின் வேர்க் குளிசையை மட்டும் கிளினிக்கில் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதுவும் காபா ஏற்பிகளிலேயே செயல்படுவதால் தூக்கக் கலக்கம் கூடலாம்.