திறப்பு இருந்தும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன். பன்னிரண்டிலும் ஒன்பதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மா போன ஒக்டோபரில் தவறிவிட்டார். அப்பாவுக்கு 74 வயது, பத்து நிமிட நடையில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார். பதினொரு வருடமாக அலொட்மென்ட் ஒன்று, அதாவது கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டு ஒன்று, வைத்திருக்கிறார். இளவேனில் தொடங்கியதிலிருந்து விடிந்தால் அங்கேதான். நேரம் மாற்றிய பிறகு இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். சில நாள் இருட்டுகிற நேரத்தில் பழைய படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி போகிறார். மார்ச்சில் ஈரத்தில் வழுக்கி விழுந்து, பக்கத்துத் துண்டுக்காரர்தான் தூக்கிவிட்டிருக்கிறார். பெப்ரவரியில் வீட்டைத் திருத்திப் புதுக் காப்பெட் போட்டோம். மண் சப்பாத்தோடு உள்ளே வரவேண்டாம் என்று இவர் ஒரு தடவை மரியாதையாகத்தான் சொன்னார். ஞாயிறுகளில் பிள்ளைகளோடு நாட்டுப்புறம் நடக்கப் போகும்போது அப்பாவையும் கூப்பிடுகிறோம், முழங்கால் நோகிறது என்கிறார். போன கிழமை ஆஷ்ரிட்ஜ் காட்டில் புளூபெல் என்கிற நீலப் பூ பார்க்கவும் வரவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் மரக்கறிப் பை கொண்டுவருவார். எங்கள் வீட்டுத் திறப்பு அவரிடம் இருக்கிறது, ஆனாலும் பையை வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போய்விடுவார். பிள்ளைகள் அதைச் சாப்பிடுவதில்லை, பாதி குப்பைக்குத்தான் போகிறது. இந்தத் துண்டை விட்டுவிடுங்கள் என்று அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: தங்கச்சி, உங்கள் அப்பா ஏன் மணி அடிப்பதில்லை?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். பெற்ற மகளின் வீடு, கையில் திறப்பு, தோளில் பை. அந்த மனிதர் வாசல்படியில் பையை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். நீங்கள் அதை மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் குப்பைக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் காப்பெட் ஓரிடத்தில் இருக்கிறது. பை இன்னோரிடத்தில் இருக்கிறது. நடுவில் புளூபெல் பூத்துக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரம் வாசித்துப் பாருங்கள். பெப்ரவரிக்கு முதல் அந்தப் பை எங்கே இறங்கியது? குசினி மேசையில் இறங்கியிருக்கும். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்திருப்பார். நீங்கள் தேத்தண்ணி வைத்திருப்பீர்கள். சின்னவன் வந்து பைக்குள் கையை விட்டுப் பார்த்திருப்பான். அப்படி இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

"மரியாதையாகத்தான் சொன்னார்" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் சொன்னது மருமகன். நீங்கள் சொல்லியிருந்தால் அப்பா உங்களோடு சண்டை பிடித்திருப்பார், "உன்னை வளர்த்ததே இந்த மண்ணாலதான்" என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்திருப்பார். மருமகன் வாயிலிருந்து வந்தால் எங்கள் ஊர் ஆட்கள் சண்டை பிடிப்பதில்லை. கால் நின்றுவிடும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு சொல் கேட்டபிறகு அந்தப் படியை மிதிக்காத எத்தனையோ தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் மனைவி இருந்தால் அவர் பின்னால் நுழைந்துவிடலாம். உங்கள் அம்மா போய் நாலாம் மாதத்தில் அந்தச் சொல் வந்திருக்கிறது.

இனி அந்தப் பைக்குள் இருப்பதைப் பார்ப்போம். நீங்கள் அதைத் திறந்து பார்த்ததாக எழுதவில்லை.

ஏப்ரலில் இந்த நாட்டுத் தோட்டங்கள் வெறுமையானவை. பனிக்கால மரக்கறி முடிகிற தறுவாய், கோடை மரக்கறி இன்னும் நாற்று. பழைய தோட்டக்காரர்கள் இதைப் பசிக்காலம் என்றே சொல்வார்கள். இந்த மாதத்தில் கிழமைக்கு இரண்டு பை நிரப்புவதென்றால் அந்தத் துண்டை மூலை மூலையாகத் தடவி எடுக்க வேண்டும். பூத்தண்டு விடுவதற்கு முன் பிடுங்கிய கடைசி லீக்ஸ், நாலு ருபார்ப் தண்டு, கொஞ்சம் கீரை, ஊதா ப்ரொக்கோலி. அநேகமாக இவ்வளவுதான் இருக்கும்.

அந்த ஊதா ப்ரொக்கோலியை ஒருதரம் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் தடிப்பில் தண்டு, நுனியில் ஊதா மொட்டு, வெட்டிய இடத்தில் ஈரம். இரண்டு நாள் வாசலில் கிடந்தால் மொட்டு மஞ்சளாக விரிந்துவிடும். அதைப் போன வருடம் சித்திரை, வைகாசியில் விதைத்திருப்பார். ஆனி, ஆடியில் நாற்றைப் பிடுங்கி நட்டு, புறா கொத்தாமல் வலை போட்டு, பனிக்காலம் முழுவதும் நிற்கவைத்திருப்பார். ஏறக்குறைய ஒரு வருடம் மண்ணில் நிற்கிற பயிர் அது. அந்த விதை மண்ணுக்குள் போகும்போது உங்கள் அம்மா உயிரோடு இருந்தார். அதில் பாதி குப்பைக்குப் போகிறது என்று என்னிடம் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பிள்ளைகள் சாப்பிடுவதில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். லீக்ஸைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். ப்ரொக்கோலித் தண்டைப் பால்கறி வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது கறி என்று சொல்லிக்கொடுப்பது தாயின் வேலை. அதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

துண்டை விடுவது பற்றி. அலொட்மென்ட் தோட்டம் என்றால் என்ன என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்போதே, தோட்டக்காரரும் அவருடைய குடும்பமும் சாப்பிடுவதற்கு மரக்கறியோ பழமோ விளைவிக்கிற நிலம் என்றுதான் வரையறுக்கிறது. குடும்பம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டமும் 1950இல் வந்த திருத்தமும் இன்னொன்றையும் சொல்கின்றன. கவுன்சில் ஒருவரை எழுப்ப வேண்டுமென்றால் பொதுவாக 12 மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த 12 மாதமும் ஏப்ரல் 6ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ, அல்லது செப்டெம்பர் 29ஆம் தேதியன்றோ அதற்குப் பின்போதான் முடியலாம். வாடகை கட்டாவிட்டால், நிபந்தனையை மீறினால் அது வேறு கதை. மற்றப்படி, பயிர் நிற்கிற காலத்தில் தோட்டக்காரரை இறக்கிவிடக் கூடாது என்ற அளவுக்கு இந்த நாட்டுச் சட்டத்துக்கே இரக்கம் இருக்கிறது. நீங்கள் மகள். உருளைக்கிழங்கு முளைவிடுகிற மாதத்தில் விட்டுவிடச் சொல்ல வழி கேட்கிறீர்கள்.

விட்டால் திரும்பக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் பக்கத்தில் காத்திருப்போர் பட்டியல் வருடக் கணக்கில் நீளும், 74 வயதில் அதன் கடைசியில் போய் நிற்க முடியாது. முழுத்துண்டு என்பது பத்துப் பேர்ச், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு. ஊரில் எத்தனை பரப்பை விட்டுவிட்டு வந்தாரோ எனக்குத் தெரியாது. இங்கே அவருக்கென்று இருப்பது இது ஒன்று.

அந்தப் படுக்கை விரிப்புகளை நீங்கள் ஏதோ புத்தி தடுமாற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் மே நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனி விழலாம். வெளியே தலைநீட்டிய உருளைக்கிழங்கு இலையில் ஒரு இரவு பனி பட்டால் காலையில் கறுத்துப்போய்க் கிடக்கும். வானம் தெளிந்திருக்கிற இரவுதான் ஆபத்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூடப் போகிறார். உங்கள் அப்பாவின் புத்தி தெளிவாக வேலை செய்கிறது.

விழுந்தது உண்மையான கவலை, அதை நான் தள்ளிவிடவில்லை. கைபேசி கொட்டிலில் கிடக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். பாத்திகளுக்கு நடுவில் நடக்கிற இடத்தில் மரச்சிராய் கொட்டிவிட்டால் வழுக்காது, அது உங்கள் கணவருக்கு ஒரு சனிக்கிழமை வேலை. பாரம் அதிகமென்றால் பாதித் துண்டாகக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம், பல இடங்களில் விடுவார்கள். உங்கள் பெயரையும் கூடப் பதிய முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள். இடத்துக்கு இடம் விதி வேறு, ஆனால் பல இடங்களில் துண்டுக்காரர் போனால் துண்டும் போய்விடும். அவரைத் தூக்கிவிட்ட அந்தப் பக்கத்துத் துண்டுக்காரருக்கு நன்றி சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை.

ஞாயிற்று நடையை நான் குறை சொல்லவில்லை. நாற்பது வருடமாக இந்த நாட்டு வயல்வழியே நடப்பவள் நான். நடைவழி காட்டுகிற மஞ்சள் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போவதும், மரவேலியில் ஏறி மறுபக்கம் குதிப்பதும், கறுத்த முள்ளுப் பற்றையில் இலை வருமுன் வெள்ளைப்பூ வெடித்து நிற்பதும் எனக்கும் உயிர். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். புளூபெல் விதையிலிருந்து பூக்க ஐந்து வருடத்துக்கு மேல் எடுக்கும், மிதித்தால் இலை செத்து அடுத்த வருடம் பூக்கத் தெம்பு இருக்காது என்று சொல்லிக்கொடுங்கள். ஆனால் பிள்ளைகள் யாரோ ஒருவருடைய காட்டில் பூவை மிதிக்காமல் நடக்கப் பழகுகிறார்கள், பக்கத்துத் தெருவில் அம்மப்பா என்ன நட்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. முழங்கால் நோவு பற்றியும் யோசியுங்கள். நாள் முழுக்க மண் கொத்துகிற முழங்கால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோகாது. காரின் பின் ஆசனத்தில் விருந்தாளிபோல ஏறி இருக்க அவருக்கு மனமில்லை.

ஆகவே செய்ய வேண்டியதை உங்கள் கணவர்தான் செய்ய வேண்டும். மருமகன் வாயால் வந்த சொல்லை மகள் போய் மாற்ற முடியாது. வருகிற சனிக்கிழமை அவர் அலொட்மென்டுக்குப் போகட்டும். பிள்ளைகளும் போகட்டும். காப்பெட் கதையை எடுத்து விளக்கம் சொல்ல வேண்டாம், அது இன்னொரு தரம் குத்தும். மண்வெட்டியை வாங்கி ஒரு மணித்தியாலம் கொத்திவிட்டு, "மாமா, வாங்கோ வீட்டை போய்ச் சாப்பிடுவம்" என்று சொன்னால் போதும். வரும்போது அவரும் மண் சப்பாத்தோடுதான் வருவார் அல்லவா.

நான் கலியாணம் செய்த புதிதில் என் மாமனார் இதே மாதிரித் துண்டொன்று வைத்திருந்தார். பின்கதவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரை, கீழே பழைய பேப்பர். சப்பாத்து அந்தப் பேப்பரில் இறங்கும், அவர் வெறுங்காலோடு குசினிக்குள் வருவார். மாமி ஒரு நாளும் மண்ணைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, பேப்பரைச் சுருட்டிக் கொண்டுபோய்ப் பூமரத்தடியில் கொட்டுவார். உங்கள் வீட்டுப் பின்கதவுக்கும் ஒரு கதிரை போதும்.

கடைசியாக ஒன்று. மாசி, பங்குனியில் போட்ட மிளகாய்க் கன்றும் தக்காளிக் கன்றும் இப்போது அவருடைய பிளாட் யன்னலில் நெருக்கியடித்து நிற்கும். மே கடைசி வரை அவற்றை வெளியே நட முடியாது. உங்கள் குசினியில் வெயில் விழுகிற யன்னல் இருந்தால் அதைத் துடைத்து வெறுமையாக்குங்கள். "அப்பா, கன்றுத் தட்டுகளை இங்க கொண்டுவந்து வையுங்கோ" என்று கேளுங்கள். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு அவர் திறப்பைப் போட்டு உள்ளே வர வேண்டும். தட்டுக்குக் கீழே ஒரு பழைய பீங்கான் வையுங்கள், ஒழுகும். அவர் வரப் பிந்திய நாளில் மண் காய்ந்து கிடந்தாலும் நீங்கள் ஊற்றாதீர்கள். போன் எடுத்து, கன்று வாடுகிறது என்று சொல்லுங்கள்.