வலியை நேசிக்கத்தான் வேண்டுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. பல வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. மறுநாள் முழுக்கக் குமட்டல். என் கணவர் நல்லவர், வீட்டு வேலையில் பாதி அவர்தான் செய்கிறார். ஆனால் நான் முனகினால் போதும், ஜெர்மன் தத்துவஞானி நீட்சேவை இழுத்துவிடுவார். "கொல்லாத எதுவும் உன்னை வலுவாக்கும், விதியை நேசி" என்பார். நான் வலுவாகவில்லை, சிடுமூஞ்சியாகத்தான் ஆகியிருக்கிறேன். சாகத் தோன்றவில்லை. ஆனால் வாழ்க்கையை நேசிக்கத் தெரியாதவள் என்று குற்ற உணர்ச்சி வருகிறது. கோளாறு என் மனதிலா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. தீராத வலி யாரையும் எரிச்சல்படுத்தும்.

உங்கள் கணவருக்கு நீட்சேவை வைத்தே பதில் சொல்லலாம். கடும் தலைவலியும் வாந்தியும் கண் கோளாறுமாக அவதிப்பட்டு, 1879-ல், 34 வயதிலேயே பாசெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலையை விட்டவர் அவர். விதியை நேசிப்பது பற்றி அவர் 1882-ல் வந்த ஒரு நூலில் எழுதியது ஒரு புத்தாண்டு ஆசை. தவிர்க்க முடியாததை அழகாகப் பார்க்க இனி கற்றுக்கொள்ள வேண்டும், என்றாவது ஒருநாள் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்பவனாக வேண்டும் என்கிறார். வந்துசேர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை, மனைவிக்கு உபதேசமும் செய்யவில்லை (அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்). நம் துன்பத்தின் ஆழம் பெரும்பாலும் பிறருக்கு எட்டாது, அது தெரியாமலேயே உதவ ஓடிவருகிறார்கள் என்று அதே நூலில் சாடவும் செய்கிறார்.

வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் காற்றைத் தேடிக் குளிர்காலத்தில் ஜெனோவா, நீஸ், கோடையில் சுவிஸ் மலைக்கிராமமான சில்ஸ் மரியா என்று அலைந்தார். தூக்கத்துக்குக் குளோரல் மருந்தும் எடுத்துக்கொண்டார்.

வலியையே நேசிக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேரன் பேத்தி, பாட்டு, பக்கத்து வீட்டு வம்பு என்று ஏதோ ஒன்றுக்காக நாளைய தினம் வேண்டியிருந்தால், வலியைத் திட்டிக்கொண்டே வாழ்க்கைக்குச் சம்மதம் சொல்லலாம்.

குமட்டலை மூட்டுவாத மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் சேர்ப்பது, மாத்திரையை ஊசியாக மாற்றுவது போன்ற வழிகள் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கணவரிடம், வலி இல்லாத ஒரு மாலையில், "நான் முனகும்போது 'ரொம்ப வலிக்குதா'ன்னு மட்டும் கேளுங்க, போதும்" என்று கேட்டுப்பாருங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போனாலோ, சாவைப் பற்றிய நினைப்பு வந்தாலோ, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள்.