பெட்டி கொடுத்த ஏழு நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சினிமா வியாபாரம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். என் சித்தப்பா மகன் ஒரு சிறு படம் எடுத்து முடித்து சென்சாரும் வாங்கிவிட்டான். நாலு மாதமாக வெளியீட்டுக்கு அலைகிறான். எனக்குப் புரியாதது இதுதான். ஃபிலிம் காலத்தில் தியேட்டருக்கு ஒரு பிரிண்ட் போட வேண்டும், சிறு தயாரிப்பாளரால் தாங்க முடியாது என்பார்கள். இன்று ஹார்ட் டிஸ்கில் படம் போய்விடுகிறது. செலவு குறைந்தால் முதலில் பிழைப்பது சின்னப் படங்கள்தானே? ஆனால் வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை இல்லையே.

இன்னொன்று. போன மாதம் எங்கள் ஊரில் முதல் நாள் காலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தோம். ‘கேடிஎம் வரலை’ என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். படம் தியேட்டருக்கு வந்துவிட்டதாம், ஓட்டத்தான் முடியாதாம். இது என்ன கூத்து? தம்பி எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதுங்கள்.

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

செலவு குறைந்தது உண்மைதான். யாருக்குக் குறைந்தது, அதற்குப் பதிலாக எது போனது என்று பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பழைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். நொடிக்கு 24 பிரேம் ஓடும், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, நான்கு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். ஆயிரம் அடி ரீலாகச் சுற்றினால் 14 ரீல். இப்படி ஒரு செட் எடுக்க, கடைசிக் காலத்தில் அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. அதனால் பெரிய ஸ்டாரின் படத்துக்கும் பிரிண்டை எண்ணித்தான் போட்டார்கள். ஏ சென்டர் என்கிற பெருநகரத்தில் ஓடித் தேய்ந்த பிரிண்டே பி சென்டரான நடுத்தர ஊருக்கும் பிறகு சி சென்டரான சிற்றூருக்கும் போகும். டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும்போது கீறல் விழுந்து திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர் இரண்டுக்கு ஒரே பிரிண்ட் என்றால், இங்கே ஓடி முடிந்த ரீலை ஒரு பையன் வண்டியில் வைத்து அங்கே கொண்டு ஓடுவான். வழியில் டயர் பஞ்சரானால் அந்த ஊரில் இடைவேளை நீளும்.

இதில் சிறு படத்துக்கு இருந்த லாபத்தை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஃபிலிம் பெட்டி வந்து இறங்கிவிட்டால் அந்த வாரம் அந்தத் தியேட்டரில் அந்தப் படம்தான். சனிக்கிழமை கூட்டம் இல்லையே என்று ஓனர் நினைத்தாலும் மாற்றிப் போட இன்னொரு பெட்டி ஊரில் இருக்காது. பெரிய படத்தின் பிரிண்டெல்லாம் வேறு ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் ஏழு நாள் ஓட்டுவார். பார்த்தவர் நாலு பேரிடம் சொல்ல, அவர்கள் புதன், வியாழனில் வர, சில படங்கள் அப்படித்தான் இரண்டாவது வாரத்துக்குப் போயின.

இன்றைக்குத் தியேட்டரில் படத்தை ஓட்டும் கணினியான சர்வரில் ஒரே நேரத்தில் நாலைந்து படம் ஏறியிருக்கும். காலைக் காட்சிக்கு ஒன்று, மதியம் வேறொன்று என்று பிளேலிஸ்டில் இழுத்துவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. சனிக்கிழமை மதியமே உங்கள் தம்பி படத்தைத் தூக்கிவிட்டு, பக்கத்து ஸ்கிரீனில் ஹவுஸ்ஃபுல் ஆகிற படத்துக்குக் கூடுதல் காட்சி கொடுப்பார்கள். மல்டிபிளெக்ஸில் அந்தக் காத்திருப்புகூடக் கிடையாது. ஆன்லைனில் நாலு டிக்கெட்கூட விற்காத காட்சி தொடங்கும் முன்பே ரத்தாகிவிடும்.

பெரிய படத்துக்கோ நேர் எதிர். இத்தனை பிரிண்ட்தான் என்ற கட்டு அதற்கு விட்டுப்போனது. தமிழ்நாட்டில் உள்ள ஆயிரத்துச் சொச்சம் திரைகளில் பெரும்பகுதியை ஒரே படம் ஒரே நாளில் பிடிக்கலாம். நூறு நாளில் வந்த வசூலை நாலு நாளில் எடுக்கலாம். நாலாவது வாரம் ஓடிடியில் வந்துவிடும் என்று தெரிந்த ரசிகன் அதற்குள் பார்த்துவிட வேண்டும் அல்லது காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இருநூறு படத்துக்கு மேல் வெளியாகிற இடத்தில் வெள்ளிக்கிழமைகள் 52தான். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போட்டுப் பாருங்கள்.

செலவு முழுதாகப் போய்விடவும் இல்லை. விபிஎஃப் என்று ஒன்றைத் தம்பி கேள்விப்பட்டிருப்பான். விரித்தால் விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ, அதாவது இல்லாத பிரிண்டுக்குக் கட்டணம். பெயரே கேலி மாதிரி இருந்தாலும் தொடங்கியபோது அதில் நியாயம் இருந்தது. டிஜிட்டல் புரொஜக்டர் வாங்குவது தியேட்டர்காரர், பிரிண்ட் செலவு மிச்சமாவதோ தயாரிப்பாளருக்கு. எனவே மிச்சத்தில் ஒரு பகுதியை மெஷின் கடனுக்குக் கொடுங்கள் என்றார்கள். அமெரிக்காவில் ஸ்டூடியோக்கள் ஒரு திரைக்கு ஒரு படத்துக்கு எண்ணூறு டாலர் அளவில் கொடுத்தன. ஏறத்தாழ பத்தாண்டில் கடன் அடைந்ததும் நிறுத்திக்கொண்டன. இங்கே பெரும்பாலான தியேட்டர்களில் மெஷின் கியூப், யூஎஃப்ஓ போன்ற நிறுவனங்களுடையது, தியேட்டருக்கு வாடகை. கடன் என்று எழுதினால் அடைகிற தேதி ஒன்று இருக்கும், வாடகைக்கு அது கிடையாது. திரை விளம்பரத்தை விற்பதும் அதே நிறுவனங்கள்தான், அந்த வருமானத்தில் தயாரிப்பாளருக்குப் பங்கில்லை. இந்தக் கோபத்தில்தான் 2018 மார்ச் 1 முதல் தமிழில் புதுப் படங்களே வராமல் நின்றன. ஏப்ரல் 20 அன்றுதான் மறுபடி தொடங்கின. பிறகு 2025 ஏப்ரலில், வேறு நிறுவனம் வழியாக வரும் படத்தைத் தியேட்டர் ஓட்டவிடாமல் வாடகை ஒப்பந்தத்தில் போட்டிருந்த நிபந்தனைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. கட்டணம் என்னவோ இன்னும் இருக்கிறது. தம்பி பட்ஜெட்டில் திரை எண்ணிக்கையால் பெருக்கி அதை முதலிலேயே எழுதிக்கொள்ளட்டும். போஸ்டர் செலவைப் போல அதுவும் ரிலீஸுக்கு முன்பே கையை விட்டுப் போகிற பணம்.

இனி கேடிஎம். தியேட்டருக்கு வருகிற படக் கோப்புகளின் தொகுப்புக்கு டிசிபி என்று பெயர். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் கூடி 2005இல் வெளியிட்ட விதிமுறைப்படி செய்யப்படுவது. ஒவ்வொரு பிரேமும் தனிப் படமாக ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 250 மெகாபிட் உச்சவரம்பு. இரண்டரை மணி நேரப் படம் 300 ஜிபிக்குள் அடங்கிவிடும், வழக்கமாக இருநூறை ஒட்டி வரும். அது முழுக்கப் பூட்டப்பட்டது. பூட்டைத் திறக்கிற சாவிதான் கேடிஎம். சில கிலோபைட் அளவுள்ள சிறு கோப்பு. மின்னஞ்சலில் வரும், பென் டிரைவில் போட்டு சர்வரில் செருகலாம்.

அந்தச் சாவியில் மூன்று விஷயம் கட்டப்பட்டிருக்கிறது. எந்த சர்வர், எந்த எடிட் (அதாவது படத்தை வெட்டி முடித்த எந்த வடிவம்), எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் திரை இருட்டுதான். முந்தைய வாரம் ஸ்கிரீன் 2இல் பழுதான சர்வரை எடுத்துவிட்டு வேறொன்று வைத்திருப்பார்கள். அதைச் சொல்லவில்லை என்றால் பழைய சர்வருக்கான சாவி வந்து சேரும், பயன்படாது. ‘இழுவை’ என்று பேச்சு வந்து பத்து நிமிடம் வெட்டினால் அது புது எடிட், புது சாவி வேண்டும். முன்பெல்லாம் ஆபரேட்டரே கத்தரியால் ஒரு பாட்டை வெட்டிக் கடைசி பஸ்ஸுக்கு ஜனங்களை அனுப்பிவைத்தார். அந்தச் சுதந்திரம் போயிற்று. நேரத்தில் பெரும்பாலும் நடப்பது மனிதத் தவறு. கிரீன்விச் நேரம் போட வேண்டிய இடத்தில் இந்திய நேரத்தைப் போட்டுவிட்டால் சாவி ஐந்தரை மணி நேரம் தாமதமாகத்தான் திறக்கும். சர்வர் கடிகாரத்தை முன்னால் தள்ளி ஏமாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். பூட்டுக்குள்ளிருக்கும் அந்தக் கடிகாரத்தை ஓர் ஆண்டில் ஆறு நிமிடத்துக்கு மேல் நகர்த்த முடியாது.

உங்கள் ஊரில் நடந்தது இது எதுவுமாக இருக்காது என்றே நினைக்கிறேன். முதல் நாள் காலை, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ‘கேடிஎம் வரலை’ என்றால் அது பணப் பிரச்சினை. ஃபிலிம் காலத்தில் ஃபைனான்சியர் நெகட்டிவ் மேல் கடன் கொடுப்பார். நெகட்டிவ் லேபில் இருக்கும், பாக்கி தீர்ந்தது என்று அவர் எழுதித் தராமல் லேப் பிரிண்ட் போடாது. சண்டை வந்தாலும் ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடும், ஏனென்றால் பிரிண்ட் போட்டு லாரியில் ஏற்ற நாள் வேண்டும். இப்போது அவர் பிடி சாவி மேல். சாவி அனுப்ப ஒரு நிமிடம் போதும் என்பதால் பேச்சுவார்த்தை வியாழன் நள்ளிரவு தாண்டி வெள்ளி காலை வரை இழுக்கிறது. பழைய படத்தின் பாக்கி, ஹீரோவின் மிச்சச் சம்பளம், விநியோக ஏரியா விற்றதில் வராத தொகை எல்லாம் அந்த ஒரு மேசைக்கு வரும். வெளியே நீங்கள் டிக்கெட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். சர்வர் ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிந்து வைக்கிறது. திருட்டுத்தனமாக ஒரு காட்சி கூட்டி ஓட்டுவது முன்பு சகஜம், இப்போது சிரமம். படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் பதிகிறது. யாராவது கேமராவில் எடுத்து இணையத்தில் விட்டால், எந்தத் தியேட்டர், எந்த நாள், எந்தக் கால் மணி நேரம் என்பது வரை கண்டுபிடிக்கலாம். ஆனால் எத்தனை காட்சி என்று சொல்லும் சர்வருக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது. அதற்கு இன்னும் தியேட்டர் கொடுக்கிற அன்றாட வசூல் கணக்கான டிசிஆர் சீட்டைத்தான் நம்ப வேண்டும். கணினி டிக்கெட் இல்லாத தியேட்டரில் முதல் மூன்று நாளாவது விநியோகஸ்தரின் ஆள் வாசலில் நிற்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது இன்றைக்கும் சரி.

தம்பிக்கு. படத்தை 24 பிரேமில் முடித்திருக்கிறானா என்று முதலில் கேளுங்கள். 25இல் எடுத்துவிட்டு டிசிபி போடும்போது மாற்றினால், ஒலியையும் அதே கணக்கில் மாற்றாதவரை உதடும் வசனமும் விலகிப் போகும். இரண்டாவது, ஒலித் தடங்களின் வரிசை. டிசிபியில் இடது, வலது, நடு என்று வர வேண்டும். சில ஒலி மிக்ஸிங் கூடங்களில் பழைய ஃபிலிம் வழக்கப்படி இடது, நடு, வலது என்று கொடுப்பார்கள். கவனிக்காமல் அப்படியே ஏற்றினால் கதாநாயகி திரை நடுவில் நின்று பேச, குரல் வலது மூலை ஸ்பீக்கரிலிருந்து வரும். தியேட்டரில் முதல் வசனத்திலேயே தெரியும். மூன்றாவது, சத்தம். தியேட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7இல் இருக்கும் என்று எண்ணி மிக்ஸ் செய்வார்கள். இங்கே பல தியேட்டர்களில் பெரிய படங்களின் இரைச்சலுக்குப் பயந்து ஐந்துக்குக் கீழே வைத்திருப்பார்கள், உங்கள் படத்தின் மெல்லிய பேச்சு யாருக்கும் கேட்காது. ஆபரேட்டரிடம் எண்ணைச் சொல்லி உயர்த்தச் சொல்ல வேண்டும். படம் மங்கலாக இருந்தால் டிசிபியைத் திட்டுவதற்கு முன், புரொஜக்டரின் ஜெனான் விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்கலாம். ஆயுள் முடிந்த விளக்கை இன்னும் நூறு மணி நேரம் இழுப்பது ஊரறிந்த சிக்கனம்.

எத்தனை தியேட்டர் என்று ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. நூறு திரையில் ஒரு காலைக் காட்சி வாங்குவதைவிட இருபது திரையில் மாலைக் காட்சி வாங்குவது நல்லது. விபிஎஃப்பும் ஐந்தில் ஒரு பங்காகும். ஏழு நாளும் அந்த ஒரு காட்சியை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியுமா பாருங்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒற்றைத் திரைக்காரர்களில் சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

ஹார்ட் டிஸ்க் புதன்கிழமையே போய்ச் சேர வேண்டும். சாதாரண யூஎஸ்பி 2 இணைப்பில் இருநூறு ஜிபி ஏற இரண்டு மணி நேரம் ஆகும். ஏறி முடிந்த பிறகுதான் கோப்பு சேதமில்லையா என்று சர்வர் சரிபார்த்துச் சொல்லும், சேதம் என்றால் மறுபடி முதலிலிருந்து. சாவியின் தொடக்க நேரத்தை வெள்ளி காலை ஒன்பது என்று வைக்காமல் வியாழன் இரவு ஒன்பது என்று வாங்கச் சொல்லுங்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் ஆபரேட்டர் முதல் ஐந்து நிமிடமும் இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிடமும் ஓட்டிப் பார்ப்பார். இருபது தியேட்டருக்கும் தம்பியே போன் பண்ணிக் கேட்கட்டும். ‘ஓடுது சார்’ என்று மட்டும் சொன்னால் விடாமல், வசனம் நடுவிலிருந்து வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.