சேவா நிதியை நம்பி மனைக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மகன் 2022 டிசம்பரில் விமானப்படையில் அக்னிவீராக (நாலு வருஷத்துக்கு மட்டும் எடுக்கப்படும் வீரர்) சேர்ந்தான். 2026 டிசம்பரில் நாலு வருஷம் முடிகிறது. சேவா நிதியாக, அதாவது பணி முடியும்போது மொத்தமாகத் தரும் தொகையாக, பத்து லட்சத்துக்கு மேல் வரும் என்கிறான். அதை நம்பி செக்கானூரணிப் பக்கம் 9 லட்சத்துக்கு மனை பேசியிருக்கிறோம். 2 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். தனியாரிடம் ஒன்றரை வட்டிக்கு 2.4 லட்சம் நகைக்கடனும் இருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?
- ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: இப்போது கொடுக்காதீர்கள் அம்மா. வரப்போகும் தொகை எவ்வளவு என்பதே இன்னும் முடிவாகவில்லை.

மாதச் சம்பளம் முதலாண்டு 30,000. அடுத்தடுத்து 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்காகப் பிடிக்கிறார்கள். நாலு வருஷப் பிடித்தம் 5.02 லட்சம், அரசும் அதே அளவு போடுகிறது. தம்பி வெளியே வந்தால் 10.04 லட்சமும் வட்டியும் கிடைக்கும், வருமான வரி இல்லை. நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொண்டால் (அதிகபட்சம் 25 சதவீதம் பேர்) அவர் போட்ட 5.02 லட்சமும் அதன் வட்டியும்தான். அரசின் பங்கு வராது. அப்போது வேலை நிலைக்கும், ஆனால் மனைக்குப் பணம் பற்றாது. கெடு தாண்டினால் முன்பணத்துக்கே அலைய வேண்டிவரும். வெளியே வந்தாலோ பென்ஷன், கிராஜுவிட்டி இரண்டும் இல்லை. அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டுச் செலவே இந்தப் பணத்தில்தான். எப்படிப் பார்த்தாலும் 9 லட்சம் மனை இப்போதைக்குத் தாங்காது.

முதலில் நகையை மீட்டுவிடுங்கள். மாதம் 3,600, வருஷத்துக்கு 43,200 வட்டியாகவே போகிறது. டிசம்பர்வரை காத்திருக்கவும் வேண்டாம்: இரண்டு நாள் கைமாற்று கிடைத்தால் மீட்டு, வட்டி குறைந்த வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்துவிடலாம். மீட்கும்போது அடகுச் சீட்டில் உள்ள எண்ணிக்கையும் எடையும் சரியா என்று கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். கல் வைத்த நகையில்தான் தகராறு வரும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பணியில் இருக்கும்வரை தம்பிக்கு 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு. வெளியே வரும் நாளில் அது நின்றுவிடும். அதன்பின் சொந்தமாக டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். ஆகவே பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கூடவே ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இன்ஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் பணம் வரும் நேரத்தில் சிக்கல். அடுத்த லீவில் வரும்போதே திருத்திவிடுங்கள்.