'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து மூன்று மாதம், முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் டூட்டி மாறும்போது சீனியர் "ஹேஸ்ன்ட் ஷீ ஹேட் ஹெர் டேப்லெட்ஸ்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பாட்டி மாத்திரை போடவில்லை, அவர் கேட்டது சரிதான் என்ற நினைப்பில் நீங்கள் "யெஸ்" என்றீர்கள். போட்டாயிற்று என்று அவர் எடுத்துக்கொண்டார். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம் படித்தவன் அக்கா, இந்த 'நாட்' மட்டும் ஏன் இப்படிக் காலை வாருகிறது?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் நாகர்கோவிலிலிருந்து வந்து இந்த ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் படிப்பில் குறை எதுவும் இல்லை. தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும். யாரும், எதுவும், எங்கேயும் என்று என்ன வேண்டுமானாலும் முன்னால் வரட்டும், வினைச்சொல்லோடு ஒட்டி வரும் 'இல்லை'யைக் கேட்டால்தான் நமக்கு வாக்கியம் முடிந்த மாதிரி. இங்கிலீஷில் அது முன்னாலேயே ஏதாவது ஒரு சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எந்தச் சொல்லின் மேல் என்பதை நம் காது பிடிக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

முதலில் உங்கள் 'யெஸ்'. வீட்டில் அம்மா "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடலை" என்போம். அம்மா நினைத்தது சரி என்பதற்குத்தான் அந்த ஆமாம். இங்கே கேட்டவர் என்ன நினைத்தார் என்பது கணக்கிலேயே இல்லை. நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ, கேள்வி எப்படி வந்தாலும் சரி. அதனால் வெறும் யெஸ், நோ வேண்டாம், வினையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நோ, ஷீ ஹேஸ்ன்ட்." இரண்டு சொல் கூட, அவ்வளவுதான், ஆனால் யாரும் தப்பாக எடுக்க முடியாது. பஸ்ஸில் யாராவது "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று கேட்டாலும் இதே கதைதான். ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார்கள். உட்காரட்டும் என்றால் "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும்.

அடுத்து 'யாரும்'. யாரும் வரவில்லை என்பதை மனதுக்குள் மாற்றி "எனிபடி டிட்ன்ட் கம்" என்று சொல்லிவிடுவோம். 'எனி'யில் தொடங்கும் சொற்களுக்கு ஒரு குணம் உண்டு. இல்லை என்று சொல்லும் வாக்கியத்தில் நாட் முன்னால் வந்த பிறகுதான் அவை வரும். "ஐ டிட்ன்ட் சீ எனிபடி" சரி. வாக்கியத்தின் தலையிலேயே 'யாரும்' வந்தால் "நோபடி கேம்". இல்லை என்பது நோபடிக்குள்ளேயே இருக்கிறது, வினையில் மறுபடி வைக்கக் கூடாது.

ஆனால் இங்கே யார்க்‌ஷயர் தாத்தாக்கள் "ஐ ஹேவ்ன்ட் காட் நவுட்" என்பார்கள். நவுட் என்றால் ஒன்றுமில்லை, அவுட் என்றால் ஏதாவது. இரண்டு இல்லை சேர்ந்தால் உண்டு ஆகிவிடுமே என்று பள்ளிக்கூடக் கணக்குப் போடாதீர்கள், அவர் கையில் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். அதை அரைகுறை இங்கிலீஷ் என்றும் நினைக்க வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற இங்கிலீஷ் கவிஞர் தன் கதையில் வரும் வீரன் யாரையும் இழிவாகப் பேசியதே இல்லை என்று சொல்லும் இடத்தில் ஒரே வாக்கியத்தில் நான்கு எதிர்மறை வைத்திருக்கிறார். அவர்கள் பேசுவது பழைய வழக்கு. நீங்கள் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு இல்லை போதும்.

உங்கள் வேலையில் இதைவிட ஆபத்தானது 'ஆல்'. "ஆல் தி ரெசிடென்ட்ஸ் டிட்ன்ட் ஈட்" என்று எழுதினால் ஒருவர்கூடச் சாப்பிடவில்லையா, சிலர் மட்டும் சாப்பிடவில்லையா? நம் மொழியிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'எல்லாரும் வந்திலர்' என்றால் சிலர் வந்தார்கள் என்றும் பொருள்படும், முற்றும்மை, அதாவது முழுவதையும் குறிக்கும் 'உம்', சில இடங்களில் எச்சப் பொருளும், அதாவது மீதி உண்டு என்ற பொருளும் தரும் என்று நன்னூல் சூத்திரமே இருக்கிறது. நாகர்கோவிலில் டீச்சர் இதை நடத்தியபோது எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று தோன்றியது. வார்டில் சாப்பாட்டுக் கணக்கு எழுதும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. யாருமே சாப்பிடவில்லை என்றால் "நன் ஆஃப் தெம்", சிலர்தான் என்றால் "நாட் ஆல் ஆஃப் தெம்". இல்லையை ஆலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் குழப்பம் தீர்ந்தது.

உம்மை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாலும் சர்க்கரையும் வேண்டாம் என்று நினைத்து "ஐ டோன்ட் டேக் மில்க் அண்ட் ஷுகர்" என்போம். கேட்பவருக்கு அது இரண்டும் சேர்த்து வேண்டாம், ஒன்று மட்டும் ஓகே என்றும் படலாம். நாட் வந்த பிறகு நம் 'உம்'முக்கு அங்கே 'ஆர்'. டீக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒருவருக்குப் பெனிசிலினும் கூடாது, ஆஸ்பிரினும் கூடாது என்று சொல்லும்போது பெரிய விஷயம். "ஷீ கான்ட் ஹேவ் பெனிசிலின் ஆர் ஆஸ்பிரின்" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

வினையடைகளில் இடம்தான் எல்லாம். "ஐ ரியலி டோன்ட் லைக் இட்" என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஐ டோன்ட் ரியலி லைக் இட்" என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு சொல் இடம் மாறியதில் கோபமே தணிந்துவிடுகிறது பாருங்கள். ஹார்ட்லி, பேர்லி இரண்டிலும் இல்லை ஏற்கெனவே பாதி கலந்திருக்கிறது. "ஷீ ஹார்ட்லி ஸ்லெப்ட்" என்றால் கண் மூடியதே கொஞ்சம்தான், நாட் சேர்க்கத் தேவையில்லை. அப்புறம், யாராவது "யூ டோன்ட் ஹாஃப் வொர்க் ஹார்ட்" என்றால் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்று நினைத்து மனம் நோகாதீர்கள். அது பாராட்டு. பயங்கரமாக உழைக்கிறாய் என்கிறார்கள்.

இணைப்புச் சொற்களில் 'அன்லெஸ்' உள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது, அதோடும் இன்னொரு நாட் வேண்டாம். டாக்டர் வராத வரைக்கும் என்று நினைத்து "அன்டில் தி டாக்டர் டஸ்ன்ட் கம்" என்று சொல்வதும் அதே வழுக்கல்தான். "அன்டில் தி டாக்டர் கம்ஸ்" போதும்.

'பிகாஸ்' என்னை ஒருமுறை அழவே வைத்தது. வந்த இரண்டாம் வருடம். குழந்தை சின்னது, தொடர்ந்து நைட் போட்டிருந்தார்கள், முடியவில்லை என்று போய்ச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வார்டு மேனேஜர் கூப்பிட்டு, "ஐ டிட்ன்ட் சேஞ்ச் யுவர் ஷிஃப்ட்ஸ் பிகாஸ் யூ கம்ப்ளெய்ன்ட்" என்றார். நான் குறை சொன்னதால் மாற்ற மாட்டேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் ரோட்டாவை, அதாவது டூட்டி அட்டவணையைப் பார்த்தால் எனக்கு எல்லாம் பகல் ஷிஃப்ட். மாற்றிவிட்டேன், ஆனால் நீ குறை சொன்னதற்காக இல்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அந்த டிட்ன்ட் சேஞ்ச் மேல் உட்காரவில்லை, தாண்டிப்போய்ப் பிகாஸ் மேல் உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி வாக்கியத்தை எழுத்தில் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், பேச்சில் பேசுகிறவரின் ஏற்ற இறக்கம்தான் காட்டும். அதனால் இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் "ஸோ, ஆர் தே சேஞ்ச்ட்?" என்று நேராகக் கேட்டுவிடுவேன். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

நீங்களும் அந்தச் சீனியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். எங்கள் மொழியில் யெஸ் இப்படி, இங்கே அப்படி என்று விளக்கினால் புரிந்துகொள்வார். முடிந்தால் "ஹேஸ் ஷீ ஹேட் ஹெர் டேப்லெட்ஸ்?" என்று இல்லை கலக்காமல் கேட்கச் சொல்லுங்கள். அவர் மறந்து பழையபடியே கேட்டால், மருந்து கொடுத்ததைக் கையெழுத்துப் போட்டுக் குறிக்கும் மார் சார்ட்டைக் கையில் எடுத்து, கையெழுத்து இல்லாத கட்டத்தைக் காட்டி, "நோ, ஷீ ஹேஸ்ன்ட் ஹேட் தெம்" என்று முழுசாகச் சொல்லிவிட்டு டூட்டியை ஒப்படையுங்கள்.